வாயில வெச்சது உங்களுது

இலியாஸ் பாய் ஜும்மாவுக்குக் கெளம்பும்போது ஷட்டரை முழுசா மூடல. முட்டி உயரத்துக்கு விட்டுட்டுதான் இழுத்தாரு. அதனால உள்ள உக்காந்திருக்கற கஸ்பாருக்கு இப்ப தெருவுல முட்டிக்கு மேல மனுஷங்களே கெடையாது, செருப்பும் கெண்டைக்காலும் புடவைக் கரையும்தான் போகுது வருது, அதுக்குப் பின்னால வெள்ளையா வெயிலு. "நிதானமாப் பாருங்க சார், தொழுதுட்டு வந்துடறேன், ஃபேனு ஓடட்டும், தண்ணி கூஜாவுல இருக்கு. விசயம் என்னன்னா," இந்த எடத்துல பாய் ஒரு வெரலைத் தூக்குவாரு, எதைச் சொன்னாலும் விசயம் என்னன்னான்னுதான் ஆரம்பிப்பாரு, விசயம் என்னன்னா மழை வருது, விசயம் என்னன்னா கரண்டு இல்ல, "விசயம் என்னன்னா, வாயில வெச்சது உங்களுது." அதுதான் அந்தக் கடைச் சட்டம். ஊதற சாமான் எதுவா இருந்தாலும் கண்ணால பாக்கலாம், கையால தொடலாம், மூக்குகிட்ட கொண்டுபோயி மோந்துகூடப் பாக்கலாம், உதட்டுல பட்டுச்சுன்னா வாங்கியாகணும். எப்பவோ ஒரு பேண்டு செட்டு ஆளு கடையில இருந்த மவுத் ஆர்கனையெல்லாம் வரிசையா ஊதிப் பாத்துட்டு ஒண்ணும் சரியில்லன்னு போயிட்டானாம், அதுல ஒண்ணை ஒரு டீச்சரம்மா வாங்கிட்டுப் போயி, உள்ளேந்து பாக்குத்தூள் வருதுன்னு திருப்பிக் கொண்டாந்து பாய் மூஞ்சிக்கு நேரா தட்டிக் காட்டிச்சாம். "அடுத்தவன் எச்சில்ல நம்ம பாட்டு எப்படி சார் வரும்?" நியாயந்தானேன்னு கஸ்பாரும் தலையாட்டிட்டாரு. ஆட்டும்போது அந்தச் சட்டம் மண்டையில எறங்கல, ஷட்டர் எறங்கின சத்தத்துக்கு அப்புறந்தான் எறங்குச்சு. எதுரே கண்ணாடிப் பெட்டி, அது மேல ஒரு பூத்துவாலை, துவாலை மேல அஞ்சு மவுத்பீஸு, மடியில அதுல ஒண்ணை நுனியில மாட்டி ஊதவேண்டிய பழைய கிளாரினெட்டு. அஞ்சுல ஒண்ணைத்தான் ஊதலாம். எது ஊதும்னு ஊதாமலே கண்டுபுடிக்கணும்.

பொண்ணு பாக்கப் போன மாதிரி இருக்கேன்னு ஒரு நெனப்பு ஓடுச்சு, ஓடினதும் சிரிப்பு வந்துச்சு, சிரிச்சதும் மேல்வரிசை பல்செட்டு லேசா ஆடுச்சு, உடனே சிரிப்பை நிறுத்திட்டாரு. சிரிப்பைப் பாதியில நிறுத்தறது இந்தக் கோடையிலேந்து வந்த பழக்கம். சக்கரை வியாதியில ஈறு லூசாகி முன்பல்லு நாலும் போயி, அந்த எடத்துல ரோஸ் கலர் தகட்டுல ஒட்டின நாலு பல்லு, வேணும்னா மாட்டலாம், வேணாம்னா கழட்டி டம்ளர்ல போடலாம். பல் டாக்டர் மூக்கால பேசற மனுஷன், "பழகிடும் மிஸ்டர் கஸ்பார், அது இருக்கறதே மறந்துடும்"னாரு, மத்த நாளா இருந்தா கிளினிக் படி எறங்கறதுக்குள்ள அந்த மூக்குக் குரலை எடுத்து வாட்ச்மேன்கிட்ட பேசிக் காட்டியிருப்பாரு. பொண்ணு பாக்கறதுன்னா எமரன்சியாவைப் பாக்கப் போனதுதான் ஞாபகம் வரும். பலகாரத் தட்டோட வந்து நின்னா, தலை குனியல, நேரா கேட்டா: "கோயில் பேண்டுல வாசிப்பீங்களாமே, வீட்லயும் வாசிப்பீங்களா?" கூட வந்த அத்தைங்க எல்லாம் மூச்சைப் புடிச்சிக்கிட்டாங்க. மாட்டேன்னாரு. "அப்ப சரி"ன்னா. அவ்ளோதான் நிச்சயதார்த்தம். சொன்ன வாக்கை அவரும் காப்பாத்தினாரு, ஒத்திகையெல்லாம் கோயில் மாடத்துலதான், பேண்டு கலைஞ்சதும் கிளாரினெட்டு பெட்டியோட பரண் மேல ஏறிடுச்சு, அந்த வீட்டுச் சுவத்துக்கு இன்னிவரைக்கும் அந்தச் சத்தம் தெரியாது. அவ இல்லாத வீட்டுல இப்ப வாசிச்சா வாக்கு தப்பினதா ஆகுமா, இல்ல கேக்கறவ இல்லாதப்ப வாக்கும் இல்லையா, இதை யார்கிட்ட போயி கேக்கறது, பங்குச் சாமியார்கிட்ட கேட்டா, அவரு ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவுலயும் பூசையில மணி அடிக்க எடம் விடற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவாரு, "கஸ்பார்... வீட்டுல... செபமாலை சொல்றியா?" அங்க போயி முடிப்பாரு.

ஆள் குரல் எடுக்கறது கஸ்பாருக்குப் பொறவியிலயே வந்தது. கரண்டு ஆபீசுல கிளார்க்கா இருந்தப்ப இன்ஜினியர் குரல்ல பக்கத்து செக்ஷனுக்கு போன் போட்டு எல்லாருக்கும் அரைநாள் லீவு விட்டிருக்காரு, அவங்களும் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுக் கெளம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டாங்க. குரல் பெரிசில்ல, எல்லாரும் குரலைத்தான் புடிக்கப் பாப்பாங்க, அது தப்பு, எடைவெளிதான் பெரிசு, அந்த ஆளு எங்க மூச்சு வாங்குவான், எந்த வார்த்தைக்கு முன்னாடி எச்சி முழுங்குவான், அது கெடைச்சிட்டா ஆளே கெடைச்ச மாதிரி. எமரன்சியாவை அடக்கம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்த மத்தியானம், சொந்தக்காரங்கெல்லாம் போனப்புறம், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாரு. வீடு ஒண்ணும் கேக்கல. எப்பவும் கேக்கும். "செருப்பை வெளிய வுட்டீங்களா, உள்ள கொண்டாந்துட்டீங்களா?" அடுப்படியிலேந்து அந்தக் கேள்வி வரும், கேள்விக்கு முன்னாடி ஒரு சின்ன கரண்டிச் சத்தம் இருக்கும். அன்னிக்கு வரல. கூடத்துல நின்னாரு, நின்னுட்டே இருந்தாரு, அப்புறம் தன்னை அறியாம நாக்கை மேலண்ணத்துல ஒரு தட்டுத் தட்டி, அதுதான் கரண்டி, அவ குரல்லயே கேட்டுட்டாரு, "செருப்பை வெளிய வுட்டீங்களா?" அப்புறம் தன் குரல்ல, "வெளியதான்." அப்படித்தான் ஆரம்பிச்சுது. சோறு வடிக்கவான்னு அவ கேப்பா, கொஞ்சம் போகட்டும்பாரு. லைட்டை அணைங்கம்பா, படிச்சிட்டிருக்கேன்ல அப்படிம்பாரு. பக்கத்து வீட்டம்மா ஒருநாள் சுவர் ஓரமா நின்னு, "பேச்சுச் சத்தம் கேக்குதே, ஊர்லேந்து யாரு வந்திருக்கா?"ன்னு கேட்டுது. வாயில வந்தது கொழுந்தியாதான். அன்னிக்கு மத்தியானம் அந்தம்மா கொழுந்தியாளுக்குன்னு ரெண்டு துண்டு வஞ்சிரம் வறுத்து அனுப்பிச்சு, கஸ்பார் ரெண்டையும் தின்னுட்டு, நல்லா இருந்துச்சாம்னு சொல்லி அனுப்பினாரு. பைத்தியம் இல்ல, அவருக்கே தெரியும், வேஷங்கட்டறவனுக்கு வேஷம்னு தெரியாதா. ஆனா வீட்டுல ரெண்டு பேரு இருந்தாங்க. பல்லு கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு சாயங்காலம், செருப்பைக் கழட்டிட்டு, நாக்கால கரண்டியைத் தட்டினாரு, நாக்கு போயி பிளாஸ்டிக்ல பட்டுச்சு. செருப்பைன்னு சொன்னா விசில் வந்துச்சு. மறுபடி சொன்னாரு, மறுபடி விசில். தகட்டைக் கழட்டிட்டுச் சொன்னா வெறுங்காத்து. அது அவ இல்ல. அந்தக் கூடத்துல அன்னிலேந்து யாருமே பேசல. பிள்ளைங்களும் இல்ல, வெளியூர்லேந்து போன் வரும்னு காத்திருக்கறதுக்கு. அன்னிக்குத்தான் பரணை நிமிந்து பாத்தாரு, அதுல ஒண்ணு இருக்கு, அது வேற ஆள் குரல் இல்ல, சொந்தக் குரலு, ஊரு பூரா ஆட்களை எடுத்துப் போட்டிருக்கோம், நம்மளைன்னு ஒண்ணு எடுத்தது அந்தக் கட்டையிலதானே.

அந்தக் கிளாரினெட்டு ஒரு சொல்தா வீட்டுச் சாமானை வித்தப்ப வாங்கினது, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டுப் பென்ஷன் வாங்கிட்டு வந்தவங்களைப் பாண்டிச்சேரியில சொல்தான்னுதான் சொல்றது, அந்த மனுஷன் எங்கெங்கியோ சண்டைக்குப் போயி கடைசியில கொண்டுவந்தது ஒரு கிளாரினெட்டும் ஒரு இருமலும். கறுப்புக் கட்டை, நல்லா விளைஞ்ச கட்டை. பரண்ல இருந்து எறக்கினப்ப மேல்துண்டுல விரிசல், ஓட்டையை மூடற தோலெல்லாம் பூச்சி அரிச்சு, சாவியெல்லாம் பச்சை பூத்துக் கெடந்துச்சு. பாய்தான் மெட்ராசுக்கு அனுப்பி சரிபண்ணி வரவழைச்சாரு, விரிசல் இருந்த எடத்தைத் தேடினாலும் கெடைக்காது, புதுத்தோலு, புதுக்கார்க்கு, சாவியை அமுக்கினா தண்ணியில வெரலை வெச்ச மாதிரி எறங்குது. மவுத்பீஸுதான் போச்சு. அதுவும் வேற யாரும் போக்கல. அத்தனை வருசம் பெட்டியில கெடந்த மவுத்பீஸை மோந்து பாத்தாரு, தன்னோட பழைய எச்சில்தான், தன் வாய்தான், ஆனாலும் கொமட்டுச்சு, ஏதோ செத்தவன் வாய் மாதிரி. அதனால பால் காய்ச்சற குண்டான்ல தண்ணி வெச்சு முட்டை வேக வெக்கற மாதிரி வேக வெச்சிட்டாரு. கெட்டி ரப்பரு அது, வீடு பூரா கந்தக நாத்தம். எடுத்துப் பாத்தா கறுப்பு போயி பாசிக் கலரு, மூக்கு ஒரு பக்கமா திரும்பிக்கிட்டு, கோவிச்சிக்கிட்டவ மாதிரி. அது மேல அவரோட ரெண்டு முன்பல்லும் வருசக்கணக்கா கடிச்சு விழுந்த ரெண்டு பள்ளம் இருந்துச்சு, அது மட்டும் அப்படியே. பள்ளம் இருக்கு, பல்லு இல்ல. கிளாரினெட்டு ஊதறவனுக்கு மேல்பல்லு வெறும் பிடி மாத்திரம் இல்லைங்கறது ஊதாதவங்களுக்குத் தெரியாது, சத்தம் அந்தப் பல்லு வழியாத்தான் மண்டைக்குள்ள ஏறும், காதுக்குப் போறதுக்கு முன்னாடி நெத்திக்குப் போகும், ஊதறவன் கேக்கற சத்தம் அவனைத் தவிர லோகத்துல ஒருத்தருக்கும் கேக்காது. இப்ப அந்த வழியில பிளாஸ்டிக் நிக்குது. அப்ப அஞ்சுல எதை எடுத்தா என்ன, எதை எடுத்தாலும் சத்தம் வாசப்படியிலயே நின்னுட்டா? பாய்கிட்ட இதைச் சொல்லல. வாங்கிட்டுப் போயி கூடத்துல நின்னு ஊதி, அதுலயும் தன் குரல் வரலன்னா, அப்புறம் அந்த வீட்டுல பேசறதுக்கு ஆளே கெடையாது, அவளும் இல்ல, இவனும் இல்ல. ஃபேனு ஒரு சுத்துக்கு ஒரு தடவ கிரீச்சுங்குது, அதுக்கும் ஒரு எடைவெளி இருக்கு.

சரி, எடுத்துப் பாப்போம்னு மொதல்ல இருந்ததை எடுத்தாரு. கண்ணாடி. கண்ணாடின்னா நெசமாவே கண்ணாடி, உள்ள ஊதற காத்துகூட வெளிய தெரியும் போல, ஜில்லுன்னு, பணக்கார வீட்டு மருமக மாதிரி, கீழ போட்டா செதறிடும், பத்திரமாக் கீழ வெச்சாரு. அடுத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு வர்ற பிளாஸ்டிக்கு, வாயிலதான் ஏற்கெனவே பிளாஸ்டிக் இருக்கே, பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசினா என்ன சத்தம் வரும், சீப்பு சீவற சத்தம் வரும். மூணாவது கட்டையில கடைஞ்சது, பாக்க லட்சணம், மழைக்காலத்துல உப்பிக்கும். நாலாவது கறுப்பு எபோனைட்டு, பழசு மாதிரியே கெட்டி ரப்பரு, வெளிச்சத்துக்கு நேரா தூக்கி நுனியில எவ்வளவு தொறப்பு இருக்குன்னு ஒத்தக்கண்ணால பாத்தாரு. தொறப்பு ஜாஸ்தி. அதுக்கு நல்ல மூச்சு வேணும், இளவட்ட மூச்சு. அஞ்சாவதும் அதே எபோனைட்டுதான், தொறப்பு கம்மி, மூக்கு கொஞ்சம் சாஞ்சு, கைக்கு எதமா இருந்துச்சு, இதுவா இருக்குமோன்னு கட்டைவெரலால மேல தடவினாரு. வெரல் நின்னுச்சு. மறுபடி தடவினாரு. ரெண்டு பள்ளம். ரொம்ப லேசு, கண்ணுக்குத் தெரியாது, வெரலுக்குத்தான் தெரியும். யாரோ இதை வாயில வெச்சிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பள்ளம் விழற அளவுக்குக் கடிச்சிருக்காங்க. பாய்க்குத் தெரியாது, பாய் ஆர்மோனியக்காரரு, எங்கியோ மொத்தமா வாங்கின சாமானோட வந்திருக்கும், துடைச்சு புதுசோட வரிசையில வெச்சிட்டாரு. பல்லு ரெண்டும் நெருக்கம், சின்னப் பல்லு, பொம்பளைப் பல்லாக்கூட இருக்கலாம். கஸ்பார் அதைப் பட்டுன்னு துவாலையில போட்டுட்டு வெரலை வேட்டியில தொடைச்சாரு. தொடைச்சிட்டு அப்புறமும் அதையேதான் பாத்துட்டிருந்தாரு.

யாரு பாக்கப் போறா, அஞ்சையும் ஒவ்வொரு ஊது ஊதிட்டுத் தொடைச்சு வெச்சிட்டா என்ன, சட்டம்னா யாராவது பாத்தாத்தானே சட்டம்னு கை நீளும்போது ஷட்டருக்குக் கீழ ஒரு சோடி காலு வந்து நின்னுச்சு, அப்புறம் அந்தக் காலுக்கு நடுவுல ஒரு தலை தலைகீழா எறங்குச்சு. "பாய் இல்லீங்களா?" கஸ்பார் கையை இழுத்துக்கிட்டாரு. "தொழுகைக்குப் போயிருக்காரு." "தபேலாவுக்கு சுத்தி வேணும். நீங்க கடை ஆளா?" "இல்ல, நானும் வாங்க வந்தவன்." தலைகீழ்த் தலை கொஞ்சம் யோசிச்சுது, மீசை புருவம் மாதிரி இருந்துச்சு. "வாங்க வந்தவரை உள்ள வெச்சு மூடிட்டா போனாரு? வாங்காம வெளிய விடமாட்டாரு போல." "வாயில வெச்சாத்தான் வாங்கணும்." "என்னத்த வாயில வெச்சா?" "நீங்க அப்புறம் வாங்க தம்பி"ன்னாரு. தம்பியில ஒரு விசில் அடிக்கல, நல்லவேளை, சானா வராத வார்த்தையாப் பாத்துப் பாத்துத்தான் இப்பல்லாம் பேசறாரு, சாப்பாடு வேணாம் சோறு வேணாம், மார்க்கெட்டுல போயி அரிசின்னு கேக்கவேண்டியிருக்கேன்னு கையில எடுத்துக் காட்டி, இதுல ரெண்டு கிலோம்பாரு. தலை மேல போச்சு, காலு போச்சு. அந்த ஆளு போனதும் கடை முன்னைவிட அமைதியா ஆயிடுச்சு.

அப்பத்தான் போன் அடிச்சுது. பாய் பள்ளிவாசலுக்குப் போகும்போது செல்போனைக் கல்லாப்பெட்டி மேல விட்டுட்டுப் போயிடுவாரு. எட்டிப் பாத்தா ஸ்கிரீன்ல 'வீடு'ன்னு எழுதியிருந்துச்சு. வீடு கூப்பிடுது. பாய் குடும்பம் கடைக்கு நேர் மேல மாடியிலதான், சம்சாரம் ஜுலைகாவை ஒண்ணு ரெண்டு தடவ படியில பாத்திருக்காரு, தலையை ஆட்டினதோட சரி. அடிக்கட்டும், நம்ம போன் இல்லன்னு இருந்தாரு. அது அடிச்சிட்டே இருந்துச்சு, வீடு வீடுன்னு மினுக்கிட்டே இருந்துச்சு. கை எப்ப எடுத்துச்சுன்னு தெரியல. "மச்சான், வந்துட்டீங்களா?" ஒரு பொம்பளைக் குரலு காதுகிட்ட. நான் கஸ்பாரு, பாய் இன்னும் வரலம்மான்னு சொல்லியிருக்கணும், எந்த மனுஷனும் அதைத்தான் சொல்லுவான், ஆனா அவரு ஒத்த வெரலைத் தூக்கினாரு, கடையில யாரும் இல்லாட்டாலும் தூக்கினாத்தான் குரல் வரும், தொண்டையைக் கொஞ்சம் கரகரன்னு ஆக்கி, "விசயம் என்னன்னா, இப்பத்தான் உள்ள நுழையறேன்." வந்துடுச்சு. பாய் அச்சா வந்துடுச்சு. பாய்க்குப் பல்லுக்கு வேலையே இல்ல, எல்லாம் தொண்டையிலதான், விசயத்துல வந்த விசில்கூட அந்தக் கரகரப்புல அமுங்கிடுச்சு, இத்தனை நாளா இது தெரியாமப் போச்சே. அந்தப் பக்கம் ஒரு நொடி ஒண்ணும் இல்ல, மூச்சு மட்டும். அப்புறம், "சரி. நெய்ச்சோறு ஆக்கியிருக்கேன். அந்த கிளாரினெட்டு சாரு கீழதானே இருக்காரு, அவரையும் மேல கூட்டிட்டு வாங்க, சாப்பிடட்டும்." கஸ்பாருக்கு வெரல் அப்படியே நின்னுடுச்சு. "அவரா? விசயம் என்னன்னா, அவரு வீட்டுல ஆக்கி வெச்சிட்டு வந்திருக்காராம்." "என்ன ஆக்கினாராம்?" "ரசம்." "ரசம் மட்டுந்தானா?" "அப்பளம்." "ஒத்த ஆளு சுட்டு ஒத்த ஆளா கடிக்கற அப்பளம் என்ன ருசிக்கும்?" "அவருக்குப் பழகிடுச்சு." "அதை அவரு சொன்னாரா, நீங்களா சொல்றீங்களா?" "அவருதான் சொன்னாரு." "அவருதான் சொன்னாரு," அந்தம்மா திருப்பிச் சொல்லிப் பாத்துக்கிச்சு. "ஆளுங்க மாதிரியெல்லாம் நல்லாப் பேசிக் காட்டுவாராமே, சம்சாரம் போனப்புறம் அதெல்லாம் விட்டுட்டாரோ என்னவோ. அப்ப வேணாம்னு சொல்றாரு." "வேணாங்கறாரு." "சரிங்க," ஜுலைகா போனை வெச்சிட்டாங்க.

வெரலை எறக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. ஜெயிச்ச மாதிரியும் இருந்துச்சு, இன்ஜினியர் குரல்ல லீவு விட்டப்ப இருந்த அதே கிளுகிளுப்பு, அதுக்குக் கீழ வேற என்னமோ. ஏன் வேணாம்னு சொன்னோம். யாரு சொன்னது, பாய் சொன்னாரா, பாய் சொல்லியிருக்க மாட்டாரு, பாய் சோறுன்னா கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போறவரு. கறி இருக்கும், நெய்ச்சோறுன்னா கறி இல்லாம இருக்காது, எலும்பை ஒரு கடி கடிச்சா தகடு கழண்டு தட்டுல விழும், அந்தம்மா முன்னாடி, நெய்ச்சோத்து மேல நாலு பல்லு, அதுக்குப் பயந்துதான் சொன்னது. கோடையிலேந்து ஒரு ஆள் முன்னாடி உக்காந்து சாப்பிட்டதில்ல. ஒரு கல்யாணத்துல பந்தியில எடம் போட்டப்புறம் வயிறு சரியில்லன்னு எழுந்து வந்துட்டாரு. வேணாம்னு சொல்லிச் சொல்லியே இப்படி ஆச்சு, இவரு வேணாம்னு சொன்னதை இவரே அடுத்தவன் வாயால சொல்லி, அதை அந்தம்மா நம்பி, இனிமே கூப்பிடவும் மாட்டாங்க. பாவம்னுகூடச் சொல்லல. பாவம்னு சொல்லியிருந்தா கோவமாவது வந்திருக்கும். மேல ஏதோ பாத்திரம் நகர்ற சத்தம், கூரை வழியா, ஒரு மூடியை மூடின சத்தம். பசிச்சுது. பசி கூட இல்ல, வேற.

கை துவாலைக்குப் போச்சு. இந்தத் தடவ பாக்கல, தொறப்பை அளக்கல, வெளிச்சத்துக்குத் தூக்கல, நேரா அஞ்சாவதைத்தான் எடுத்துச்சு, பள்ளம் விழுந்ததை. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. மத்த நாலையும் இதுவரைக்கும் ஒரு வாயும் தொடல, மருந்துக்கடை சாமான் மாதிரி இருக்கு, இது ஒண்ணுதான் ஒருத்தர்கூட இருந்துட்டு வந்தது, அந்தச் சின்னப்பல்லுக்காரி, பொம்பளைன்னே வெச்சிக்குவோம், ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒரு சன்னலோரத்துல இதைக் கடிச்சிக்கிட்டு வாசிச்சிருக்கா. தன் எச்சிலுக்கே கொமட்டினவருக்கு இது கொமட்டல. கிளாரினெட்டுல திருகி ஏத்தினாரு, ரீடை, காத்துல அதிர்ற அந்த நாணல் பட்டையை, நாக்கால நனைச்சு கிளிப்பை இறுக்கினாரு, வாயில வெச்சாரு. வெச்சாச்சு, இனிமே இது நம்மளுது. ஊதினாரு. சத்தம் வந்துச்சு. நல்லாவே வந்துச்சு, வழவழன்னு, ஒரு ஓட்டைகூட ஒழுகல, மெட்ராஸ்காரன் வேலை சுத்தம். ஆனா அது ஷட்டருக்கு வெளியேந்து வந்துச்சு. எவனோ தெருவுல நின்னு வாசிக்கற மாதிரி, கஸ்பார் ஊதிக்கிட்டே கீழ எட்டிக் காலு தெரியுதான்னு பாத்தாரு, வெறும் வெயில். நிறுத்தினாரு, அவனும் நிறுத்தினான். ஊதினாரு, அவன் வாசிச்சான். நெத்தியில ஒண்ணும் இல்ல, பல்லுக்குப் பின்னால ஒண்ணும் இல்ல, கதவை மூடிட்டு உள்ள உக்காந்திருக்கறவன் வெளியில போற ஊர்வலத்தைக் கேக்கற மாதிரி. பயந்தது இதைத்தான். கண்ணு எரிஞ்சுது, கோவமா என்னன்னு தெரியல, அந்த வேகத்துலயே வாயில கையை விட்டுத் தகட்டைக் கழட்டிட்டாரு, கழட்டி உள்ளங்கையில புடிச்சிக்கிட்டு, அந்தக் கையாலயே கிளாரினெட்டையும் தாங்கிக்கிட்டு, மேல்உதட்டை வெறும் ஈறு மேல மடிச்சு, கெழவன் மாதிரி, ஊதினாரு. கீச்சுன்னு ஒண்ணு வந்துச்சு, பூனை வாலை மிதிச்ச மாதிரி. மறுபடியும். காத்து ரெண்டு ஓரத்துலயும் ஒழுகுது, எச்சில் தாடையில எறங்குது. மூணாவது தடவ அடிச்சுரம் ஒண்ணு, ரொம்பக் கீழ, இருமறவன் சிரிக்கற மாதிரி ஒரு சுரம், ஈறு வழியா தாடையில ஏறி, கன்னத்தெலும்புல ஏறி, நெத்திக்கு வந்து நின்னுச்சு. ஐயையே, என்ன அசிங்கமான சத்தம். ஆனா உள்ளேந்து வருது. கஸ்பார் கண்ணை மூடிக்கிட்டு அந்த ஒத்தச் சுரத்தையே புடிச்சிக்கிட்டாரு, மூச்சு தீர்ற வரைக்கும், தீந்ததும் மூச்சு வாங்கிட்டு மறுபடி அதையே, இது அஞ்சாவது மவுத்பீஸாலயா, பல்லு இல்லாததாலயா, யோசிக்கத் தோணல, ஒழுகற காத்தோட ஒரு ஆளு உள்ள உக்காந்து முனகறான், அந்த ஆளைத் தெரியும்.

போன் அடிச்சுது. 'வீடு'. பாயைத் தேடறாங்க, அவரு இன்னும் வரல. இந்தத் தடவ எடுக்கக் கூடாதுன்னு நெனச்சாரு, நெனச்சிக்கிட்டே எடுத்தாரு, எடுத்துட்டு ஒண்ணும் பேசல, பேசவும் முடியாது. அந்தப் பக்கமும் மச்சான்ங்கற வார்த்தை வரல. "சத்தம் மேல வரைக்கும் வருது சார்"ன்னாங்க ஜுலைகா. சார்னு சொன்னாங்க. கஸ்பாருக்குக் காது சுட்டுது. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, முன்ன பேசினப்பவும் மச்சான் ஒரே ஒரு தடவதான், விசயம் என்னன்னாவுக்கு முன்னாடி, அதுக்கப்புறம் வரவே இல்ல, அந்த ஒரு நொடி மூச்சு, எடைவெளியைப் பத்தி ஊருக்கே பாடம் சொன்னவரு அந்த எடைவெளியைக் கவனிக்காமப் போயிட்டாரே. "எங்க வீட்டுக்காரரு விசயம் என்னன்னான்னு சொல்றதெல்லாம் கடையிலதான் சார். மேல வந்தா ம்-முன்னு ஒண்ணு, ம்ஹும்-னு ஒண்ணு, கல்யாணம் ஆன நாள்லேந்து அந்த ரெண்டுதான்." கஸ்பார் போனை இறுக்கிப் புடிச்சாரு. "நேரா கூப்ட்டா வெக்கப்படுவீங்க, வேற ஆள் மாதிரி இருக்கும்போது கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். அதுலயும் ரசம் இருக்கு, அப்பளம் இருக்குன்னுட்டீங்க." அந்தம்மா குரல்ல சிரிப்பு இருந்துச்சு, கேலி கொஞ்சம் இருந்துச்சு, இரக்கம்னு தேடினா அது கெடைக்கல. "சோறு தம்முல இருக்கு. அவரு வர்ற நேரந்தான். அவரை மாதிரி வேணாம், நீங்களே சொல்லுங்க, வர்றீங்களா?"

பாய் குரலு தொண்டையில தயாரா நின்னுச்சு, சாமியாரு நின்னாரு, மூக்கால பேசற டாக்டர் நின்னாரு, ஒவ்வொருத்தரும் ஒரு சாக்கோட. யாரையும் எடுக்க முடியல. பல்லு கையில இருக்கு, மாட்டணும்னா போனைக் கீழ வெக்கணும், வெச்சா அந்தம்மா வெச்சிடுவாங்க. வாயைத் தொறந்தாரு. மொதல்ல காத்துதான் போச்சு, அப்புறம் அதுக்குப் பின்னாலயே, அகலமா, ஓரமெல்லாம் ஒழுகிக்கிட்டு, இதுவரைக்கும் எந்தக் கூட்டத்துலயும் எடுத்துக் காட்டாத ஒரு குரலு வந்துச்சு. "வரேம்மா."

"என்ன சார்? சரியாக் கேக்கல." கேட்டிருக்கு, நல்லாவே கேட்டிருக்கு.

கஸ்பார் பல்லைக் கையில வெச்சிக்கிட்டு இன்னொரு தடவ சொன்னாரு.